அங்காளம்மா போட்டுக்கொண்ட இரண்டு ஊசி

மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த மீன் வரிசையில் அங்காளம்மாவிடம் பேரம் பேசி ஜெயித்தவர் யாரும் கிடையாது. அவளுடைய வாய்க்குப் பயந்துதான் ஜனங்கள் கேட்ட விலையைக் கொடுக்கிறார்கள் என்று மற்றக் கடைக்காரர்கள் நினைத்தார்கள். அது தப்பு. வாய் வரைக்கும் விஷயம் போனதே இல்லை. முகமே முடித்துவிடும்.

யாராவது குறைத்துக் கேட்டால் முதலில் அவளுடைய புருவங்கள் இரண்டும் மேலே ஏறும். ஏறி, தலைமயிரைத் தொட்டுவிடுமோ என்கிற இடத்தில் கொஞ்சம் நிற்கும். நெற்றி முழுக்க வரிவரியாகச் சுருங்கும். அப்புறம் புருவங்கள் சரேலென்று இறங்கி மூக்குக்கு மேலே ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அதற்குள் கேட்டவருக்கு, ஏதோ ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோம் என்று தோன்றிவிடும். மறு பேச்சில்லாமல் பையை நீட்டுவார். மன்னிப்புக் கேட்டவர்களும் உண்டு.

அப்பேர்ப்பட்ட முகத்துக்கு 2008-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனை வந்தது. ஒரு ஆள் பைக்கை அணைக்காமலே வரிசையில் நுழைந்தார். தலைக்கும் மீசைக்கும் மை அப்பியிருந்தார். மைக்குக் கீழே வெள்ளை எட்டிப் பார்த்தது. வயது அறுபதுக்குக் குறையாது.

“ஆயா, வஞ்சிரம் இன்னா வெல?”

அங்காளம்மா திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

“யாரக் கேக்கறே?”

“உன்னத்தான் ஆயா.”

அங்காளம்மாவுக்கு அப்போது வயது ஐம்பதுகூட ஆகவில்லை. பக்கத்துக் கடை எல்லம்மா அவளைவிட ஒரு வயது மூத்தவள். அந்த ஆள் வஞ்சிரத்தை விட்டுவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்து, “அக்கா, சங்கரா எப்டி?” என்று கேட்டாரே பார்க்கலாம். எல்லம்மா அன்று முழுவதும் சிரித்தாள். மீன் வெட்டும்போது சிரித்தாள், சில்லறை எண்ணும்போது சிரித்தாள், வேலையே இல்லாதபோதும் சிரித்தாள்.

“வுடு ஆயா, மனசுல வெச்சிக்காத” என்று போகும்போது வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

அங்காளம்மா வீட்டுக்குப் போகவில்லை. நேராக மார்க்கெட் முனைக்குப் போய், மருந்துக் கடைக்கு மேலே இருந்த மாடிப்படியில் ஏறினாள். அங்கே டாக்டர் ஜெய்னப் புதிதாகத் தோல் ஆஸ்பத்திரி திறந்திருந்தார். பம்மலில் தோல் மண்டி வைத்திருந்த சௌகத் அலியின் மகள். ஞாயிறுதோறும் அங்காளம்மாவிடம்தான் மீன் வாங்குவார். பேரம் பேச மாட்டார். அதனால் அங்காளம்மாவுக்கு அவர்மேல் மரியாதையும் கொஞ்சம் இரக்கமும் உண்டு.

காத்திருக்கும் அறையில் ஒரு ஈ காக்கை இல்லை. டாக்டர் ஒரு பத்திரிகையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“வாங்கக்கா, மீனா?”

“மீனு இல்ல, மூஞ்சி” என்றாள் அங்காளம்மா. “உங்கப்பாரு ஆட்டுத் தோலு பாத்தாரு, நீ ஆளுத் தோலு பாக்கறே. என் தோலுக்கு இன்னா கேடு வந்துச்சுன்னு பாத்து சொல்லு டாக்டரம்மா. கெயவின்றான் ஒரு கெயவன்.”

டாக்டர் அவளை வெளிச்சத்தில் உட்கார வைத்து முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். முகத்துக் கோடு ரெண்டு வகை. நெற்றியிலும் கண் ஓரத்திலும் விழுவது, தசை சுருங்கிச் சுருங்கி விழுந்த கோடு. அதற்குப் போடாக்ஸ் என்று ஒரு ஊசி. போட்டால் அந்தத் தசை சில மாதம் அசையாமல் ஓய்வெடுக்கும், மேல்தோல் வழுவழுவென்று ஆகிவிடும். மூக்கோரத்திலிருந்து வாய் வரைக்கும் இறங்குகிற பள்ளமும் கன்னக் குழிவும் வேறு. வயதாக ஆக உள்ளே சதை வற்றிப்போவதால் வருவது. அதற்கு ஃபில்லர். அது பள்ளத்தை நிரப்பும்.

“அப்ப ஒண்ணு தூங்க வெக்கிறது, ஒண்ணு ரொப்பறது” என்றாள் அங்காளம்மா. “ஜிஎஸ்டி ரோட்ல பள்ளத்துக்கு ஜல்லி கொட்றா மாதிரி.”

“ஜல்லி இல்லக்கா, ஜெல்.”

“ரெண்டுல எது ஒசத்தி?”

“அப்படிக் கேக்கக் கூடாது. அது அது வேலைய அது அது செய்யும். நெத்திக்கு அது, கன்னத்துக்கு இது. போடாக்ஸ் வேல செய்யவே சில நாள் ஆகும், சில மாசத்துல போயிடும். ஃபில்லர் உடனே தெரியும், கொஞ்சம் கூட நாள் நிக்கும்.”

“ரெண்டையும் வாங்கத் துட்டு இல்ல. ஒண்ணு வாங்கறதுன்னா ஒசத்தி எதுன்னு தெரியாம எப்டி வாங்கறது? நீ ஒண்ணு பண்ணு. வலது பக்கம் அத்தப் போடு, இடது பக்கம் இத்தப் போடு. எது நல்லாகீதோ அத்த அப்பால ரெண்டு பக்கமும் போட்டுக்கலாம்.”

டாக்டர் பதறிப் போனார். “அப்படியெல்லாம் போட முடியாதுக்கா! மூஞ்சி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டாமா?”

அங்காளம்மா புருவம் இரண்டையும் உயர்த்தினாள். நெற்றி சுருங்கியது. டாக்டர் மேஜையைப் பார்த்தார். புருவங்கள் இறங்கி முட்டிக்கொண்டன. டாக்டர் காலி நாற்காலிகளைப் பார்த்தார்.

“இந்தத் தாம்பரத்துல என் மூஞ்சியப் பாக்காத பொம்பள கிடையாது” என்றாள் அங்காளம்மா, குரலைத் தாழ்த்தி. “போர்டு வெக்கிறதுக்கு பதிலா என்னிய வெச்சிக்கோ.”

அவர்களுக்குள் கணக்கு எப்படி முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு வெகு நாள் டாக்டர் வீட்டில் வஞ்சிரம் வாங்காமலே வஞ்சிரக் குழம்பு கொதித்தது என்பது மட்டும் தெரியும்.

மரத்துப்போக ஒரு களிம்பைத் தடவி, வலது நெற்றியிலும் வலது கண்ணோரத்திலும் பொடிப் பொடியாகப் போடாக்ஸைக் குத்தினார் டாக்டர். இடது கன்னத்தில் ஃபில்லர். கெளுத்தி முள் குத்தி வளர்ந்த அங்காளம்மாவுக்கு அது கொசுக் கடி. ஆனால் அதற்குப் பிறகு வந்த கட்டளைகள்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இன்னும் சில மணி நேரம் படுக்கக் கூடாது. தேய்க்கக் கூடாது. வெயிலில் நிற்கக் கூடாது. தலையில் பாரம் வைக்கக் கூடாது.

“மூச்சு வுடலாமா?” என்று கேட்டுவிட்டு இறங்கினாள்.

தலையில் பாரம் வைக்கக் கூடாது என்றால் மீன் கூடையை யார் தூக்குவது? பம்மலுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் மாணிக்கவேலைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

“நெத்திக்கு ஊசி போட்டுகீறேன். நீ கூடையத் தூக்கு.”

“நெத்திலிக்கு இன்னாத்துக்குமே ஊசி?” என்றான் மாணிக்கவேல்.

“நெத்திலி இல்லய்யா, நெத்தி!”

அவன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அய்யப்ப சாமி மாதிரி அடிமேல் அடி வைத்து நடந்தான். மார்க்கெட்டிலிருந்து வீடு வரைக்கும் ஒரு பூனை அவர்கள் பின்னாலேயே வந்தது. அதற்கு வழியெல்லாம் ஏதாவது விழுந்துகொண்டே இருந்தது.

முதல் இரண்டு நாள் இடது கன்னம் மட்டும் கொழுக்கட்டையை அடக்கினாற்போல வீங்கியிருந்தது. வீக்கம் வடிந்ததும் பார்த்தால், அங்காளம்மா கண்ணாடியை விட்டு நகரவில்லை. மூக்கோரத்துப் பள்ளம் போன இடம் தெரியவில்லை. கன்னம் கல்யாணப் பெண்ணுடையது போல் இருந்தது. வலது பக்கத்தில் ஒன்றையும் காணோம். “இது டூப்பு ஊசி, வெறும் தண்ணி” என்று டாக்டரைத் திட்டினாள். மறுநாள் காலையில் எழுந்து திட்டிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தபோது இடது புருவம் மேலே ஏறியது. வலது புருவம் ஏறவில்லை. பலங்கொண்ட மட்டும் ஏற்றிப் பார்த்தாள். காது அசைந்தது. புருவம் அசையவில்லை. அந்தப் பக்கத்து நெற்றி, கழுவி வைத்த தட்டு மாதிரி பளபளவென்று கிடந்தது.

“தூங்கிடுச்சு” என்றாள் தனக்குத்தானே. கொஞ்சம் பயமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அதன் விளைவை முதலில் அனுபவித்தவன் மாணிக்கவேல். அவள் ஆசையாக எடுத்து வைத்திருந்த வவ்வால் மீனை அவன் ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்களுக்கு வறுத்துக் கொடுத்துவிட்டிருந்தான். சாயங்காலம் வந்து, தற்செயலாக அவளுக்கு வலது பக்கத்தில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னான். பதில் வராமல் போகவே மெதுவாக நிமிர்ந்து பார்த்தான். அவள் முகம் கோயில் சிலை போலச் சாந்தமாக இருந்தது.

“கோவம் இல்லியாமே?”

கோபம் வந்தால் முதல் வார்த்தை கிடைக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த இடைவெளியில் மாணிக்கவேல் நெகிழ்ந்துவிட்டான். இத்தனை நல்ல மனுஷியிடம் இன்னும் எதை மறைப்பது என்று, அவளுடைய பித்தளைக் குடம் நசுங்கியது தன்னால்தான் என்றும், போன தீபாவளிக்கு அவள் தம்பியைப் போலீஸ் பிடித்ததாகச் சொன்னது பொய் என்றும், அவனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட விருப்பமில்லாமல்தான் அப்படிச் சொன்னதாகவும் வரிசையாக ஒப்புக்கொண்டான்.

அங்காளம்மா முகத்தை முழுசாக அவன் பக்கம் திருப்பினாள்.

அந்த ராத்திரி அவன் ஆட்டோவில் படுத்தான். ஆனாலும் வலது பக்கத்தில் உட்கார்ந்தால் கோபம் கண்ணுக்குத் தெரியாது என்ற பாடம் அவனுக்குக் கிடைத்துவிட்டது. அதிலிருந்து சாப்பிடும்போதும் சரி, பஸ்ஸில் போகும்போதும் சரி, அவளுக்கு வலப்புறமாகவே இடம் பிடித்தான்.

மார்க்கெட்டிலும் இதே கதைதான். பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து வருகிறவர்கள் அவளுக்கு இடது பக்கம் வந்து நிற்பார்கள். அவர்கள் ஏறிய புருவத்தைப் பார்த்துப் பயந்து வழக்கம்போலக் காசைக் கொடுத்தார்கள். ரயில்வே ஸ்டேஷன் பக்கமிருந்து வருகிறவர்கள் வலது பக்கம். குறைத்துக் கேட்டுவிட்டு நடுங்கிக்கொண்டு பார்ப்பார்கள். முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. “இன்னும் கொறைக்கலாம்போலருக்கே” என்று இன்னும் கீழே இறங்குவார்கள். அங்காளம்மா உள்ளே எரிமலையாகக் குமுறுவாள். வெளியே அமாவாசைக் கடல் மாதிரி ஒன்றுமே தெரியாது.

இதை எல்லம்மா இரண்டு நாள் கவனித்தாள். மூன்றாம் நாள் எழுந்து நின்று, ஏலம் போடுகிற குரலில் கூவினாள்.

“அங்காளாகிட்ட மீனு வாங்கறவங்கல்லாம் சோத்தாங்கைப் பக்கம் வாங்கோ! அந்தப் பக்கம் நின்னு கேட்டா கொறையும்!”

ஜனங்கள் திபுதிபுவென்று வலது பக்கம் திரண்டார்கள். அங்காளம்மா மணைப் பலகையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். ஜனங்கள் சுற்றிக்கொண்டு வந்தார்கள். மறுபடி திருப்பினாள். மறுபடி வந்தார்கள். உச்சி வெயிலுக்குள் அவள் சுற்றிச் சுற்றி அரை வட்டம் அடித்து, வரிசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சுவருக்கும் அவளுக்கும் நடுவே இருந்த சந்தில் ஆறு பேர் பக்கவாட்டாகப் புகுந்து நின்று சங்கராவுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் செம்பாக்கத்திலிருந்து ஜெயஸ்ரீ வந்தாள். பாங்க்கில் ஆபீசர், ஞாயிறு தவறாமல் இறால் வாங்குகிறவள். அங்காளம்மாவை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

“என்ன அங்காளம்மா, ஃபேஸ்ல என்ன பண்ணினீங்க? இந்த சைடுல கன்னம் சூப்பரா இருக்கு. அந்த சைடுல நெத்தி சூப்பரா இருக்கு!”

“ஊசிம்மா. இது ரொப்பினது, அது தூங்க வெச்சது. ரெண்டுத்துல எது ஒசத்தின்னு பாத்துகினு கீறேன்.”

ஜெயஸ்ரீ இறால் வாங்க மறந்துவிட்டுப் போனாள். அடுத்த வாரம் அவளுடைய காலனிப் பெண்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். அதில் பாதிப் பேர் முட்டைகூடத் தொடாதவர்கள். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, செருப்பு நனையாமல் நுனிக்காலில் நின்று, அங்காளம்மாவை வலமும் இடமுமாகச் சுற்றி வந்தார்கள். “சிரிங்க” என்றார்கள். “கோபப்படுங்க” என்றார்கள். “ஃபில்லர்தான் நேச்சுரலா இருக்கு” என்றாள் ஒருத்தி. “போடாக்ஸ்தான் க்ளீன்” என்றாள் இன்னொருத்தி. அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் முற்றியது.

“மீனு வாங்காத மூஞ்சிய மட்டும் பாத்துகினு போனா எப்டி?” என்றாள் அங்காளம்மா. “ஆளுக்கு ஒரு கூறு நெத்திலியாச்சும் வாங்குங்கோ. பூனைக்குப் போடுங்கோ.” வாங்கினார்கள்.

ஆனாலும் எல்லம்மா செய்தது அவளுக்கு ஆறவில்லை. கூட்டம் கலைந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

“ஏண்டி எல்லம்மா, எங்கிட்ட நிக்கிற கிராக்கிய வலது பக்கம் வா, இடது பக்கம் வான்னு கூவறியே, நீ இன்னா ட்ராஃபிக் போலீசா?”

எல்லம்மாவும் எழுந்தாள். இரண்டு பேரும் போடும் சண்டை அந்த வரிசையில் பேர் போனது. ஆரம்பித்தால் ஐஸ் வண்டிக்காரன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நின்று பார்ப்பான். எல்லம்மா வாயைத் திறந்தாள். எதிரே அங்காளம்மாவின் இடது கண் நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தது. வலது கண், பிள்ளைக்குச் சோறூட்டுகிற தாயைப் போல அன்பாகப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லம்மா ஒரு கண்ணைப் பார்த்துத் திட்டத் தொடங்கினாள்; மற்றக் கண் குறுக்கே வந்தது. வார்த்தை குழறியது. உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை.

“ஐயோ, எந்தக் கண்ணப் பாத்துத் திட்றது நானு!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள், அப்படியே பின்னால் சாய்ந்து கானாங்கெளுத்தித் தொட்டியில் உட்கார்ந்துவிட்டாள்.

தொட்டிக்குள் அவள் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததும் அங்காளம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பிலும் ஒரு பாதிதான் சிரித்தது. அதைப் பார்த்து எல்லம்மாவுக்கு மூச்சு முட்டியது. கடைசியில் அங்காளம்மாவே அவளைக் கைகொடுத்துத் தூக்கி, முதுகில் ஒட்டியிருந்த மீனை எடுத்துத் தொட்டியில் போட்டாள்.

“ஏய், நெசமாவே கேக்கறேன்” என்றாள் எல்லம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அந்த நெத்தி ஊசி எவ்ளோ நாளிக்கி நிக்கும்?”

அன்று சாயங்காலம் இருவரும் சேர்ந்து டாக்டரிடம் போனார்கள். காத்திருக்கும் அறையில் உட்கார இடமில்லை. செம்பாக்கமே அங்கே இருந்தது. டாக்டர் ஜெய்னப் அங்காளம்மாவைப் பார்த்ததும் ஓடிவந்து உள்ளே அழைத்துப் போனார்.

“முடிவு பண்ணிட்டீங்களாக்கா? எது ஒசத்தி?”

“ரொப்பறது ஒசத்தி” என்றாள் அங்காளம்மா தீர்மானமாக. “போட்டன்னிக்கே தெரியுது, எதையும் நிறுத்தல, அது பாட்டுக்குச் செவனேன்னு கீது. வலது கன்னத்துக்கும் அதையே போடு. தூங்க வெக்கிற ஊசி நல்ல ஊசிதான், ஆனா என் நெத்தி சம்பாரிக்கிற நெத்தி. தூங்கினா பொயப்பு பேஜாராயிடும். தானா முயிச்சிக்கற வரைக்கும் வுட்டுடு.”

டாக்டர் எல்லம்மா பக்கம் திரும்பினார். “உங்களுக்கும் ஃபில்லரா?”

“எனக்குத் தூங்க வெக்கிறதுதான் வோணும்” என்றாள் எல்லம்மா. “ரெண்டு பக்கமும்.”

“எதுக்குக்கா? உங்களுக்கு நெத்தியில கோடே அதிகமில்லையே.”

எல்லம்மா கொஞ்சம் தயங்கினாள். பிறகு, டாக்டரிடமும் வக்கீலிடமும் மறைக்கக் கூடாது என்று நினைத்தவள்போல உண்மையைச் சொன்னாள். “நேத்து மீன இன்னிக்கு வந்ததுன்னு சொல்லும்போது என் நெத்தி சுருங்கிடுது. கிராக்கில்லாம் செவுளப் பாக்கறதே இல்ல, என் நெத்தியத்தான் பாக்கறாங்க. சுருங்கினா நடையக் கட்டிடறாங்க.”

அங்காளம்மா அவளை வியப்போடு பார்த்தாள், பாதி முகத்தால். ஒரே ஊசி, ஒருத்திக்கு நஷ்டம், ஒருத்திக்கு லாபம். இதைச் செம்பாக்கத்துக் கூட்டத்துக்கு யார் எடுத்துச் சொல்வது?

டாக்டர் சிரித்துக்கொண்டே ஊசியை எடுத்தார். அதுவரை தைரியமாக இருந்த எல்லம்மா, ஊசியைக் கண்டதும் போட்ட கூச்சலில் வெளியே இருந்த இரண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். அங்காளம்மா அவள் தலையை, வெட்டப்போகிற மீனைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். எப்படியோ வேலை முடிந்தது.

எல்லம்மாவின் நெற்றி அடங்கிய பிறகு அவள் கடையில் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. முந்தாநாள் மீன்கூட “இப்பதான் வலையிலேர்ந்து எறங்குச்சு” என்ற வார்த்தையோடு விற்றது. நெற்றியில் ஒரு சுருக்கம் விழவில்லை. யாரும் சந்தேகப்படவில்லை. சில மாதம் கழித்து அங்காளம்மா காய்ச்சலில் படுத்த ஒரு ஞாயிறு, அவசரமாக வந்த டாக்டர் ஜெய்னப்கூட எல்லம்மாவின் நெற்றியை ஒருதரம் உற்றுப் பார்த்துவிட்டு, நம்பிக்கையோடு ஒரு முழு வஞ்சிரத்தை வாங்கிக்கொண்டு போனார். வீட்டில் அன்று விருந்து. டாக்டருக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டார் வேறு வந்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் டாக்டர் வெள்ளைக் கோட்டோடு மீன் வரிசைக்குள் நுழைந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

“எல்லம்மாக்கா! நாறிப்போன மீனை எங்கிட்டயே வித்திருக்கீங்களே! மூஞ்சியில ஒண்ணுமே தெரியலையே, எப்படி முடிஞ்சுது உங்களால?”

எல்லம்மா நிஜமாகவே வருத்தப்பட்டாள். ஆனால் வருத்தம் நெற்றிக்கு வந்து சேரவில்லை. முகம் பால் போலத் தெளிவாக இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க டாக்டருக்கு ஆத்திரம் ஏறியது.

“கொஞ்சமாவது வருத்தம் இருக்கா பாருங்க!”

“கீது டாக்டரம்மா, உள்ள நெறைய கீது” என்று கெஞ்சினாள் எல்லம்மா. “வெளிய வரமாட்டேங்குது. நீ போட்ட ஊசிதானே!”

சுற்றி நின்றவர்கள் எல்லம்மாவின் நெற்றியையும் டாக்டரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு டாக்டரே முதலில் சிரித்தார்.

காய்ச்சல் விட்டு வந்து உட்கார்ந்திருந்த அங்காளம்மா, அன்றைக்கு வந்த வஞ்சிரத்தில் நல்லதாக ஒன்றைத் தூக்கி டாக்டர் முன்னால் போட்டாள். அவளுடைய வலது புருவம் அப்போது லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது.

“இத்த எடுத்துகினு போ டாக்டரம்மா. இதுக்குத் துட்டு எல்லம்மா குடுப்பா” என்றாள்.

எல்லம்மா மறுக்க வாயைத் திறந்தாள். அங்காளம்மாவின் இடது புருவம் ஏறியது. கொஞ்சம் தடுமாறி, தூக்கக் கலக்கத்தோடு வலது புருவமும் பின்னாலேயே ஏறியது. எல்லம்மா வாயை மூடிக்கொண்டு சுருக்குப் பையை அவிழ்த்தாள்.